குளிர் இல்லாத ஊரில் கிளம்ப மறுக்கும் கார்

(சுங்கை பூலோவில் பழைய கார் வைத்திருப்போரும் பட்டறைக்காரர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியே நிற்கும் வண்டிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். மோரிஸ் மைனர் நிற்கிறது, பீட்டில் நிற்கிறது, டட்சன் 120ஒய் நிற்கிறது. 1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகாவும் நிற்கிறது. அதற்கும் நாற்பது வயது ஆகிவிட்டது. நம் கண்ணெதிரே பிறந்த காரையே பழைய கார் வரிசையில் சேர்க்கும் காலம் வந்துவிட்டது. டீசல் மெர்சிடிஸில் வந்தவர்கள் கொஞ்சம் கண்ணயரலாம். உங்கள் எஞ்சினில் தீப்பொறிக்கே வேலை இல்லை. உங்கள் க்ளோ பிளக் கதை வேறு. மற்றவர்கள் விழித்திருக்க வேண்டும். ஏனென்றால் இன்றைக்குப் பேசப்போவது நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வியைப் பற்றி.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடுச்சு. காலைல சாவியத் திருப்புனா ஸ்டார்ட்டர் சுத்துது, சுத்துது, காடி பிடிக்க மாட்டேங்குது. ஏன் அண்ணே?"

கேட்கிறவர் பதிலையும் கையோடு கொண்டுவருவார். "குளிர்ல எஞ்சின் இறுகிப்போச்சு போல" என்பார். அங்கேதான் நான் மறுக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் பொழுது விடியும்போது வெப்பமானி 23, 24 டிகிரி காட்டும். அந்த வெப்பத்தில் எண்ணெய் இறுகாது, பெட்ரோல் ஆவியாக மறுக்காது, பேட்டரியின் அமிலம் சோம்பிப் போகாது. லண்டனில் கோடைக்காலத்து நண்பகலுக்கு இது சமம். அங்கே அந்த நேரத்தில் கிளம்பும் கார் இங்கே விடியற்காலையில் கிளம்பவில்லை என்றால் குற்றவாளி குளிர் அல்ல.

இந்தத் தப்பெண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நாம் படிக்கிற பட்டறைக் கையேடுகள் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. ஹேய்ன்ஸ் வரிசையின் முதல் கையேடு 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்காக வந்தது. அதன்பின் எத்தனையோ கார்களுக்கு வந்துவிட்டது. நல்ல நூல்கள்தான், நானும் அவற்றில்தான் படித்தேன். ஆனால் பனி உறையும் காலையில் கார் கிளப்புகிறவனை மனத்தில் வைத்து எழுதியவை. அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றி, சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை ஐந்தாறு முறை மிதித்து, பிளக்கைப் பெட்ரோலில் குளிப்பாட்டிவிட்டு "குளிர்" என்று பழி போடுகிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் ஊரில் காலையில் முரண்டுபிடிக்கும் காருக்குக் காரணங்கள் மூன்று: குறைந்து போன மின்னழுத்தம், ஈரம், ஓடாமல் நின்ற நாட்கள். மூன்றையும் அதிகக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு திருகாணிகூட வாங்கக் கூடாது.

தீப்பொறி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பிச் சுற்றில் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியிருக்கும்வரை அந்த ஓட்டம் இரும்பு உள்ளகத்தில் காந்தப் புலத்தைக் கட்டுகிறது. பாயின்ட் திறந்ததும் ஓட்டம் அறுகிறது, காந்தப் புலம் சரிகிறது, மெல்லிய கம்பிச் சுற்றில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் எழுகிறது. அது ரோட்டார் வழியாக, கேப் வழியாக, பிளக் கேபிள் வழியாகப் போய்ப் பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அகலமான இடைவெளியைத் தாண்டுகிறது. கண்டென்சர் பக்கத்திலேயே நின்று, திறக்கும் பாயின்டில் தீ பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910இல் கேடிலாக் கார்களில் இது வந்தது. இரண்டே ஆண்டில், 1912 கேடிலாக்கில், அதே கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரையும் கொண்டுவந்தார். கைப்பிடியைச் சுழற்றிக் கை ஒடிந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. ஆனால் அன்றைக்கே ஒரு பங்காளிச் சண்டையும் தொடங்கியது. ஸ்டார்ட்டரும் காயிலும் ஒரே பேட்டரியில்தான் சாப்பிட வேண்டும். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் விழுங்குகிற அந்த நொடியில்தான் காயிலும் தன் முழு பலத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. காலைப் பிரச்சினையில் பாதிக்கு மேல் இந்தச் சண்டைக்குள் அடங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். பாலாஸ்ட் இல்லாத சாதாரணக் காயிலின் உள்தடை ஏறத்தாழ 3 ஓம். 12 வோல்ட் கிடைத்தால் 4 ஆம்பியர் ஓடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு 8 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். ஓட்டம் 2.7 ஆம்பியர். காந்தப் புலத்தில் சேரும் ஆற்றல் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தீப்பொறியின் ஆற்றல் மூன்றில் இரண்டாகக் குறைவதில்லை, 44 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் பிளக் முனையும் குளிர்ந்திருக்கிறது, உள்ளே அடைபட்ட கலவையும் அடர்த்தியாக இருக்கிறது. அதைத் தாண்ட, சூடான எஞ்சினை விடக் கூடுதல் வோல்ட் வேண்டும். தேவை கூடும் நேரத்தில் வரவு பாதியாகிறது. மதியம் அதே கார் ஒரே சுற்றில் கிளம்புவதற்குக் காரணம் இதுதான். கோளாறு மதியமும் இருக்கிறது; மதியம் அதற்கு அகப்படாமல் தப்பித்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க நம் அப்பாக்கள் காலத்துச் சோதனை ஒன்று உண்டு. தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டவுடன் கார் கிளம்பி, சாவியில் மட்டும் கிளம்பவில்லை என்றால், பிளக்கும் பாயின்டும் கார்புரெட்டரும் நிரபராதிகள். தள்ளும்போது ஸ்டார்ட்டர் மின்சாரம் எடுப்பதில்லை. காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் கிடைத்துவிடுகிறது. மோரிஸ் மைனர்காரர்களுக்குக் கைப்பிடியும் உண்டு, அதுவும் இதே சோதனைதான். ஆனால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு தாங்காது.

அடுத்து மல்டிமீட்டர். இரவு முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறித் தின்கிறது. பேட்டரியின் ஆயுளைக் குடிப்பது நம் ஊர் வெயில். இரண்டு ஆண்டுக்குள் தளர்ந்துவிடுவது இங்கே வாடிக்கை. பேட்டரியில் 10 வோல்ட் நிற்கிறது, காயிலில் மட்டும் 8 என்றால், இடையில் யாரோ திருடுகிறார்கள். சாவி சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, பச்சை பூத்த முனை, எதுவாகவும் இருக்கலாம். பேட்டரி முனையிலிருந்து காயில்வரை படிப்படியாக அளந்து போங்கள். திருடன் அகப்படுவான்.

திருடர்களில் மூத்தவன் எர்த் பட்டை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மோரிஸ் மைனரை இழுத்துக்கொண்டு வந்தார். புதுப் பேட்டரி போட்டிருந்தார், புதுக் காயில், புதுப் பிளக், கார்புரெட்டர் கிட்டும் மாற்றியிருந்தார். காலையில் மட்டும் கிளம்பாது. பானெட்டைத் திறந்து, அவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் சோக் கேபிளின் மேலுறையைத் தொட்டேன். சுட்டது. இரண்டாம் முறை திருப்பியபோது உறை மேல் லேசாகப் புகை எழுந்தது. எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை, கியர் பெட்டியின் அடியில் துருவேறி நான்கைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரின் நூறு ஆம்பியர் வீடு திரும்ப வேறு வழியில்லாமல், எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுக்குப் போகும் அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டையை மாற்றி, உட்காரும் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்துப் பூட்டினோம். அத்தோடு தீர்ந்தது. மீட்டர் வைத்திருப்பவர்கள் விரல் சுட்டுக்கொள்ள வேண்டாம்: பேட்டரியின் எர்த் முனையில் ஒரு கம்பி, எஞ்சின் பிளாக்கில் ஒரு கம்பி, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பங்காளிச் சண்டையைத் தீர்க்கப் பிற்காலக் கார்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாலாஸ்ட் ரெசிஸ்டர் என்பார்கள். காயிலின் தடையைப் பாதியாக, ஏறத்தாழ 1.5 ஓமாகக் குறைத்து, மீதியை வெளியே ஒரு ரெசிஸ்டராகவோ ரெசிஸ்டர் கம்பியாகவோ வைத்தார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் அந்த ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்கு நேர்வழி கிடைக்கும். பேட்டரி இறங்கினாலும் பொறி தளராது. இந்த வகைக் கார்களில் இரண்டு அறிகுறிகள் நோயைத் தாமே சொல்லிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிடிக்காமல், சாவியை விட்ட அந்த நொடியில் மட்டும் ஒரு துடிப்புத் துடித்துக் கிளம்பப் பார்த்தால், நேர்வழிக் கம்பி அறுந்திருக்கிறது. சாலினாய்டு முனையைப் பாருங்கள். சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டதும் செத்துப்போனால், ரெசிஸ்டரே அறுந்திருக்கிறது. இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் பல கார்புரெட்டர்கள் அநியாயமாகக் கழற்றப்படாமல் தப்பிக்கும்.

இதில் வாங்கும்போது நடக்கும் கோளாறும் உண்டு. ஹாஃப் கட் கடையில் "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று கொடுக்கும் காயிலை வாங்கிப் பூட்டிவிடுகிறோம். பாலாஸ்ட் உள்ள காரில் 3 ஓம் காயில் போட்டால் ஓட்டம் குறைந்து பொறி நோஞ்சானாகும். பாலாஸ்ட் இல்லாத காரில் 1.5 ஓம் காயில் போட்டால் காயில் கொதிக்கும், பாயின்ட் கருகும். கடையிலேயே மீட்டரை வைத்து ஓம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்: ஈரம். இங்கே ஈரத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சாயங்காலமானால் இடி மின்னலோடு கொட்டுகிற மழை. பக்கத்திலிருக்கும் சுபாங், உலகிலேயே அதிகமாக இடி இடிக்கும் இடங்களில் ஒன்று. இரவு முழுக்கக் காற்று ஈரத்தில் ஊறியிருக்கும். இரவில் எஞ்சின் இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. விடிந்ததும் சூடேறும் ஈரக்காற்று அதன் மேல் படும்போது பனி வியர்க்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறமும் வியர்க்கிறது. தூசும் கார்பன் பொடியும் படிந்த இடத்தில் அந்த ஈரம் சேர்ந்தால் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. பிளக் முனையில் தாண்ட வேண்டிய இருபதாயிரம் வோல்ட், கேப்பின் சுவரிலேயே எர்த்துக்கு ஒழுகிவிடுகிறது. பத்து மணி வெயில் பட்டு ஈரம் காய்ந்ததும் கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். பட்டறை ஃபோர்மேனிடம் கொண்டுபோய்க் காட்டும்போது ஒரு குறையும் இருக்காது.

ஈரத்தின் திருட்டைப் பிடிக்க இருட்டு வேண்டும். விடியுமுன், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கேபிள் மேலும் கேப்பைச் சுற்றியும் நீலமாக ஓர் ஒளி ஊர்ந்தால் அங்கே ஒழுகுகிறது. பிறகு கேப்பைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ தலைமயிர் தடிமனில், வேர் ஓடிய மாதிரி கறுப்புக் கோடு இருந்தால், அது மின்சாரம் சுட்டுப் போட்ட கார்பன் தடம். அதைச் சுரண்டினாலும் மறுபடி வரும். கேப்பை மாற்றுவதுதான் வழி. கோடு இல்லை, ஈரம் மட்டும்தான் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, டபிள்யூடி-40 லேசாக அடித்து, மறுபடி துடைத்துப் பூட்டுங்கள். 1953இல் அமெரிக்காவில் அந்தத் திரவத்தை உருவாக்கியதே நீரை விலக்குவதற்காகத்தான். மசகு எண்ணெய் என்று நினைத்துக் கதவுக் கீலுக்கு அடிப்பது நம் பழக்கம்.

கேபிளையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பிளக் கேபிள்களின் மேலுறை இயற்கை ரப்பர். ஆரம்ப காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புகள் எபோனைட். அதுவும் கந்தகம் கூட்டிக் கெட்டியாக்கிய ரப்பர்தான். நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கு அதில் பங்கு உண்டு. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கே சுங்கை பூலோவில்தான் இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களை உலகுக்குக் கொடுத்த கழகம் அது. இன்றைக்கு அந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா எழும்பிக்கொண்டிருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் அதிகாலையில் சீவிய பால் இங்கிலாந்துக்குப் போய், கேபிளாகவும் டயராகவும் மாறி, மோரிஸில் ஏறித் திரும்பி வந்தது. ஆனால் இயற்கை ரப்பருக்கு வெயிலும் ஆகாது, ஓசோனும் ஆகாது. உயர் மின்னழுத்தம் ஓடும் இடத்தில் ஓசோன் உண்டாகும். எனவே அந்தக் கேபிள் தன்னைத் தானே வெடிக்க வைத்துக்கொள்ளும். பழைய கேபிளை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலுறையில் நரம்பு நரம்பாக வெடிப்புத் தெரிந்தால், அசல் என்று பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். சிலிகான் உறை போட்ட கேபிள் வாங்குங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அது கலங்காது.

1959இல் வந்த மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. மழையில் முன்னே போகும் லாரி வாரி இறைக்கும் தண்ணீர் நேரே அதன் மேல்தான் விழும். அந்தக் காலத்து மினிக்காரர்கள் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, விரல் நுனிகளைக் கத்தரித்து, கேபிள்களை விரலுக்கொன்றாக நுழைத்து, கேப்பின் மேல் மாட்டிவிடுவார்கள். நான்கு விரலில் நான்கு பிளக் கேபிள், பெருவிரலில் காயில் கேபிள். சிரிக்காதீர்கள், அது வேலை செய்யும். கையுறைக்கு நமக்கென்ன பஞ்சம்? கிள்ளான், மேரு வட்டாரத்துத் தொழிற்சாலைகள் உலகத்துக்கே அனுப்புகின்றன.

மூன்றாவது காரணம், ஓடாமல் நின்ற நாட்கள். இது பழைய கார் வைத்திருப்பவர்களின் தனி நோய். தினமும் ஓட்டுகிற கார் நமக்கு மைவியோ சாகாவோ வேறொன்று இருக்கிறது. மோரிஸும் பீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். ஒரு வாரம், பத்து நாள் நின்றால் பாயின்டின் இரண்டு முகங்களிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சாம்பல் நிறப் படலம் படியும். டங்ஸ்டன் ஈரக்காற்றில் பூக்கும் பூஞ்சை நிறம் அது. பாயின்ட் மூடியது போலத் தோன்றும், மின்சாரம் போகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை விளக்கு போதும். 12 வோல்ட் பல்பு, இரண்டு கம்பி. ஒரு கம்பியைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் மறு கம்பியை எர்த்திலும் மாட்டி, எஞ்சினைச் சுற்றச் செய்யுங்கள். விளக்கு மினுக்கினால் பாயின்ட் திறந்து மூடுகிறது. மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை. அல்லது மூடியும் படலம் தடுக்கிறது. அல்லது பாயின்ட் தட்டை எர்த்தோடு இணைக்கும் சின்னப் பின்னல் கம்பி அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயின்ட் கம்பியோ கண்டென்சரோ எர்த்தில் இடிக்கிறது. ஒரு விளக்கு, மூன்று பதில். பத்து வெள்ளிகூடச் செலவில்லை.

படலம்தான் என்றால் உப்புத்தாள் போட்டுப் பறண்டாதீர்கள். நல்ல தடித்த அட்டை, கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். அதைப் பாயின்டுக்கு நடுவே விட்டு, மூடி, இழுங்கள். இரண்டு மூன்று முறை இழுத்தால் அட்டையில் கறுப்புக் கோடு விழும். அதுதான் காலையில் உங்களை நிறுத்திவைத்த ஆள். பிறகு இடைவெளியை அளந்து வையுங்கள். பல பிரிட்டிஷ் கார்களுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் பள்ளமும் பெரிதாக விழுந்திருந்தால், பொறியும் நீலமாக இல்லாமல் மஞ்சளாக மெலிந்திருந்தால், கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

நின்ற காரில் எரிபொருளும் ஒரு கை வைக்கும். இது நம் தலைப்புக்கு வெளியே என்பதால் வேகமாகச் சொல்கிறேன். வெயிலில் ஓடி வந்து நிறுத்திய காரின் சூட்டில் கார்புரெட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார் அதை மறுபடி நிரப்பப் பல சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் பேட்டரி இறங்கி, பொறியும் செத்துவிடும். ஆகவே இரண்டு நோயும் ஒன்று போலத் தோன்றும். பிரித்தறிய ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது சோக்கை இழுத்து நீங்களே மூழ்கடித்துவிட்டீர்கள். உலர்ந்திருந்தால் பம்பின் அடியில் கைநெம்புகோல் இருந்தால் அதை அழுத்திக் கிண்ணத்தை நிரப்பிவிட்டுச் சாவியைத் தொடுங்கள். எஸ்.யு. மின்பம்ப் உள்ள மோரிஸ்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். டிக் டிக் சத்தம் நின்ற பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நம் வெப்பத்துக்குச் சோக் சில நொடிகளுக்குத்தான் தேவை. பிடித்ததும் பாதி உள்ளே தள்ளுங்கள், தெருமுனைக்குள் முழுக்கத் தள்ளிவிடுங்கள்.

பிளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து தேத்தண்ணீர்க் கடைக்குப் போய்த் திரும்புகிற காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. கரி படியும், கரி வழியே பொறி ஒழுகும். வாரத்தில் ஒரு நாளாவது ரவாங் வரைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அது மருந்தைவிட மேல்.

இனி உதிரிபாகம். "புதுசுதானே போட்டேன்" என்பது சாட்சியம் ஆகாது. இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் கண்டென்சரும் ரோட்டாரும் பல நேரம் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சாகின்றன. ரோட்டாரின் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட், அடியிலிருக்கும் தண்டுக்கு மிக அருகில் வந்து, பொறி உள்ளுக்குள்ளேயே எர்த் ஆகிவிடும். ரிவெட் இல்லாமல் வார்த்தெடுத்த ரோட்டார் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் ஓடிக்கொண்டிருந்த பாகம் என்றால் அதைத் துடைத்து, தாளில் சுற்றி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளவர்கள் சென்னைக்குப் போகும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள பாடி வட்டாரத்தில் இயங்கும் லூக்காஸ் டிவிஎஸ் அந்தக் குடும்பத்துப் பாகங்களை நெடுங்காலம் செய்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பிள்ளையான அம்பாசிடர் 2014 வரைக்கும் இந்தியாவில் உற்பத்தியானது. அங்குள்ள பழைய கடைகளின் மேல் அடுக்கில் நம் நோய்க்கு மருந்து இருக்க வாய்ப்பு உண்டு.

"பாயின்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் போடலாமா?" என்று கேட்கிறீர்கள். போடலாம். படலம் படியாது, இடைவெளி மாறாது. ஆனால் காயிலின் ஓம் அதற்குப் பொருந்த வேண்டும், எர்த் சுத்தமாக இருக்க வேண்டும், எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைக்கக் கூடாது. பாயின்ட் சாகும்போது இருமிக் காட்டும். எலெக்ட்ரானிக் சொல்லாமல் போய்விடும். ஆகவே பாயின்ட் தட்டைக் கழற்றிய அன்றே பின்பெட்டியில் போட்டு வையுங்கள். எர்த் பட்டையைச் சரிசெய்யாமல் எலெக்ட்ரானிக் போட்டவருக்கு மறுநாள் காலையும் அதே கதைதான்.

ஓர் எச்சரிக்கை. இருபதாயிரம் வோல்ட்டோடு விளையாட வேண்டாம். கேபிளைக் கையால் பிடித்துப் பொறி பார்ப்பது வீரம் இல்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் எஞ்சின் சுற்றும்போது பானெட்டுக்குள் குனியவே கூடாது. எலெக்ட்ரானிக் இக்னிஷனில் பிளக் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டுச் சுற்றினால் மாட்யூல் வெந்துவிடும். பெட்ரோல் வாடை அடிக்கும்போது பொறி பார்க்கவே பார்க்காதீர்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டத்து லாரியிலும் டிராக்டரிலும் கை பழகி, காதாலேயே எஞ்சினைப் படிக்கும் ஃபோர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். கிள்ளானில் இருக்கிறார்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார்கள், இந்த மண்டபத்திலும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது எதுவும் தமிழில் எழுதி வைக்கப்படவில்லை. அடுத்த முறை உங்கள் கார் கிளம்பாதபோது, வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, சோதனை விளக்கை அவன் கையில், அவள் கையில் கொடுங்கள். பெரியவரை அழைத்து வந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கார், என்ன அறிகுறி, எவ்வளவு வோல்ட், எது காரணம். ஓர் ஆண்டுக்குள் நமக்கென்று ஒரு கையேடு சேர்ந்துவிடும். நம் மழையையும் நம் வெயிலையும் தெரிந்த கையேடாக அது இருக்கும்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.